அடித்த மீனைக் கரையில் கொட்டலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வில்லும் அம்பும் கொண்டு மீன் அடிக்கும் பொழுதுபோக்கைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இங்கே இல்லினாய் மாநிலத்தில் இருந்து படித்தேன். எழுதியவருக்கு நல்ல கை. விளக்கு வெளிச்சத்தில் தண்ணீருக்கடியில் நகரும் நிழலும், அம்பு இறங்கும் ஓசையும், நூல் உருவிக்கொண்டு ஓடுவதும் அப்படியே கண்முன் வந்தன. ஆனால் கடைசிப் பத்தியில், அடித்ததெல்லாம் யாரும் தின்னாத குப்பை மீன், விடியும்போது கரையில் கொட்டிவிட்டுத் திரும்பினோம் என்கிற பொருளில் ஒரு வரி எழுதி முடித்திருக்கிறார். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நானும் வில் பிடிப்பவள்தான். பியோரியாவுக்குப் பக்கத்தில், இல்லினாய் ஆற்றங்கரையில் குடியிருக்கிறேன். ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வெல்டர். தட்டையான அலுமினியப் படகு ஒன்றுக்குத் தானே கம்பித் தடுப்பு பற்றவைத்து, முன்பக்கம் நின்று எய்ய மேடை கட்டி, இரண்டு பக்கமும் எல்இடி விளக்கு மாட்டி வைத்திருக்கிறார். அவரும் அவர் மனைவியும் என்னைப் பழக்கினார்கள். என் கணவர் கரையோடு சரி, ஆனால் மீனைச் சுத்தம் செய்வதில் அவரை அடிக்க ஆளில்லை. ஆகவே ஒன்றும் தெரியாமல் எதிர்ப்பவள் என்று என்னை நினைக்க வேண்டாம்.

தூண்டிலுக்கும் அம்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. தூண்டிலில் மாட்டியதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். சிறியதா, வேண்டாத இனமா, முட்டை வைத்திருக்கிறதா, பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அம்புக்கு அந்த வசதி கிடையாது. கண்ணாடியிழையில் செய்த கனமான தண்டு, வாலில் இறகு கிடையாது, முனையில் விரியும் கொக்கிகள். உள்ளே போனால் திரும்பி வராமல் இருப்பதற்காகவே செய்தது. அதைக் கழற்ற வேண்டுமானால் முனையைத் திருகி, கொக்கிகளை எதிர்ப்பக்கம் மடித்து, பிறகு இழுக்க வேண்டும். அதற்குள் குடலோ ஈரலோ செவுளோ கிழிந்திருக்கும். அம்புபட்ட மீன்களை உயிரோடு விட்டுக் கவனித்த ஆய்வாளர்கள் சில நாட்களுக்குள்ளேயே பெரும்பாலானவை செத்துப்போனதைக் கண்டிருக்கிறார்கள். நான் ஆய்வகத்தில் வேலை செய்பவள், காயமும் கிருமியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எய்து பார்த்துவிட்டு விட்டுவிடலாம் என்று இதில் ஒன்றுமே இல்லை. நாணை இழுக்கும் முன்பே இது என்ன மீன், இதை என்ன செய்யப்போகிறேன் என்ற இரண்டுக்கும் பதில் கையில் இருந்தாக வேண்டும்.

சட்டமும் சில இடங்களில் இதைத்தான் சொல்கிறது. மினசோட்டாவில் வில்லால் அடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் வீசுவதும் குற்றம், கரையில் விட்டுப்போவதும் குற்றம். டெக்சாஸில் அலிகேட்டர் கார் என்ற ராட்சச அலகு மீனைப் பெரும்பாலான இடங்களில் ஒருவர் நாளைக்கு ஒன்றுதான் எடுக்கலாம். அங்கே டிரினிட்டி ஆற்றின் ஒரு நீண்ட பகுதியில் 2019 முதல் 48 அங்குலத்துக்கு மேற்பட்டதைக் குலுக்கலில் கிடைக்கும் தனி அனுமதி இல்லாமல் தொடவே கூடாது, இரவில் அதன்மேல் அம்பு விடவும் கூடாது. எங்கள் இல்லினாயிலோ அலிகேட்டர் காரை அடிக்கவே அனுமதியில்லை, இங்கே அழிந்துபோன அந்த இனத்தை அரசே குஞ்சு விட்டு மீட்டுக்கொண்டிருக்கிறது. ஆக, கட்டுரையாளர் செய்ததாகச் சொல்லும் காரியம் எந்த மாநிலத்தில் நடந்தது என்று குறிப்பிடாதது அவருக்கு நல்லதாகப் போயிற்று!

இனி, குப்பை மீன் விஷயம். ஆங்கிலேயர் வழிவந்த இந்த ஊர்க்காரர்கள் டிரவுட், பாஸ், வால்ஐ போன்ற சில மீன்களை மட்டும் விளையாட்டு மீன் என்று மேலே வைத்து, மற்ற அத்தனையையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள். அந்தக் கூடைக்குள் இரண்டு தனித்தனி உலகங்கள் இருக்கின்றன.

ஒன்று வந்தேறிகள். சாதாக்கெண்டை 1877-ல் அமெரிக்க அரசின் மீன் ஆணையமே ஜெர்மனியிலிருந்து வரவழைத்து ஊரூராகக் கொடுத்தது. மக்களுக்கு மலிவான உணவு என்பதுதான் நோக்கம். தின்பதற்கென்றே கொண்டுவந்ததை இன்றைக்குத் தின்னவே முடியாது என்கிறார்கள்! நம் பண்ணைக் குட்டைகளில் வளர்க்கிற அதே வெள்ளிக்கெண்டையும், அதோடு பெருந்தலைக் கெண்டையும் 1970-களில் ஆர்க்கன்சாவுக்கு வந்தன, குளங்களின் பாசியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்று. வெள்ளத்தில் தப்பி மிசிசிப்பி ஆற்றில் இறங்கி, அங்கிருந்து எங்கள் ஆற்றுக்கும் ஏறி வந்துவிட்டன. மோட்டார் சத்தம் கேட்டால் வெள்ளிக்கெண்டை தண்ணீரைவிட்டு 10 அடி உயரம்கூடத் துள்ளும். முகத்தில் அறைவாங்கி மூக்கை உடைத்துக்கொண்டவர்கள் இங்கே உண்டு. இவை வடக்கே உள்ள ஐம்பெரும் ஏரிகளுக்குள் நுழையாதிருக்க ரோமியோவில் என்ற ஊரருகே கால்வாயில் மின்தடுப்பே போட்டிருக்கிறார்கள். இவற்றை அடிப்பதில் எனக்கு மனக்கஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எங்கள் வில்லால் ஆறு சுத்தமாகிறது என்று மார்தட்டுபவர்களைக் கேட்டால் சிரிப்பு வரும். அரசு ஒப்பந்த மீனவர்கள் வலைபோட்டு ஒரே நாளில் அள்ளுவதற்கு முன்னால் நாங்கள் அடிப்பது கணக்கிலேயே சேராது.

இன்னொன்று, இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த மீன்கள். பஃபலோ, கார், போஃபின், சக்கர் என்று பல. இவற்றையும் கெண்டையோடு சேர்த்துத்தான் நூறு வருடத்துக்கு மேலாகக் கொன்று வருகிறார்கள். பிக்மவுத் பஃபலோ என்ற மீனுக்கு ஆயுள் 26 வருடம் என்று நம்பியிருந்த காலத்தில், 2019-ல் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் காதுக்கல்லை மெல்லிசாக அறுத்து வளையங்களை எண்ணினார்கள். ஒன்றுக்கு வயது 112! முதல் உலகப்போருக்கு முன் முட்டையிலிருந்து வெளிவந்த மீன் இன்றைய ஆளின் அம்பில் சாகிறது. மினசோட்டாவின் ரைஸ் ஏரியில் உள்ள பஃபலோ மீன்களைப் பற்றி 2024-ல் ஒரு ஆய்வு வந்தது. ஏறக்குறைய அத்தனையும் 50 வயதைத் தாண்டிய கிழங்கள். ஆண்டுதோறும் முட்டையிடுகின்றன, ஆனால் குஞ்சுகள் தேறி வளர்வதில்லை. இப்படிப்பட்ட ஏரியில் ஒரு இரவில் ஒரு படகு இருபது மீனை அடித்தால் அந்த இருபதை ஈடுகட்ட எதுவும் பின்னால் வரவில்லை. அதே 2024-ல்தான் மினசோட்டா சட்டமன்றம் சொந்த மண்ணின் மீன்களைக் கெண்டையிலிருந்து சட்டப்படி தனியே பிரித்தது. மற்ற பல மாநிலங்களில் இன்னும் எண்ணிக்கை வரம்புகூடக் கிடையாது.

தங்கள் கட்டுரையோடு வந்த படத்தில் இளைஞர் ஒருவர் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கும் மீனுக்குக் கீழே "ராட்சதக் கெண்டை" என்று போட்டிருக்கிறீர்கள். அது கெண்டை இல்லை, பஃபலோ. கெண்டைக்கு வாயோரம் இரண்டு ஜோடி மீசை தொங்கும், முதுகுத்துடுப்பின் முன்னால் ரம்பப் பல்லோடு ஒரு முள் நிற்கும். பஃபலோவுக்கு மீசையும் கிடையாது, முள்ளும் கிடையாது. படத்தில் இருப்பதன் உடம்பில் கறுப்பும் ஆரஞ்சுமாகத் திட்டுக்கள் தெரிகின்றன. வயது ஏற ஏறத்தான் அந்த மீனுக்கு அப்படித் திட்டு விழும் என்று அதே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் பத்திரிகைப் பக்கத்தில் இருந்த உயிருக்கு அனேகமாக அதைத் தூக்கி நின்றவரின் தாத்தா வயது இருக்கும்.

இரவில், சேற்றுத் தண்ணீரில், நகரும் படகில் மீசை எங்கே தெரியப்போகிறது என்று கேட்பார்கள். தெரியாவிட்டால் அம்பை விடக்கூடாது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் படகில் அப்படித்தான் வழக்கம். உடல்வாகும் துடுப்பின் நீளமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முக்கால்வாசி பிடிபட்டுவிடும், மீதிக் கால்வாசிக்கு வில்லைத் தாழ்த்திவிடுவோம். புல்கெண்டையிலும் ஒரு சங்கடம் உண்டு. சில ஏரிகளில் களையைத் தின்னவென்றே மலட்டுப் புல்கெண்டையை அரசாங்கம் விட்டு வைத்திருக்கிறது, அங்கே அதை அடித்தால் அபராதம்.

எய்யும் நுட்பத்தைப் பற்றிக் கட்டுரையாளர் நிறையவே எழுதிவிட்டார், நான் ஒன்றுமட்டும் சேர்க்கிறேன். நீரில் ஒளி வளைவதால் மீன் இருக்கும் இடத்துக்கு மேலே தெரியும். 10 அடி தூரத்தில் 1 அடி ஆழத்தில் இருந்தால் 4 அங்குலம் கீழே குறிவைக்க வேண்டும் என்பது இங்குள்ளவர்கள் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. தூரமோ ஆழமோ இரட்டித்தால் அந்த நாலும் எட்டாகும். இது தவறவிடாமல் இருப்பதற்கு மட்டும் இல்லை, சமையலறைக்கும் வேண்டியது. குறி தலைக்கும் செவுளுக்கும் பின்னால் விழுந்தால் மீன் சட்டென்று அடங்கும், சதை கெடாது. வயிற்றில் விழுந்தால் குடல் கிழிந்து உள்ளிருப்பதெல்லாம் சதையில் பரவி, வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் நாறத் தொடங்கிவிடும். கெண்டை நாறும் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் தின்றது வயிற்றில் அடிபட்டு, ஜூன் மாத வெக்கையில் மணிக்கணக்காகப் படகின் தகரத் தரையில் கிடந்த கெண்டை. எந்த மீன்தான் நாறாது?

எங்கள் படகில் மீன் ஏறிய உடனே தலையில் ஒரு போடு, செவுளை அறுத்து ரத்தத்தை வடியவிடுவது, பிறகு ஐஸ் பெட்டி. பெட்டிக்குள் வெறும் ஐஸ் கட்டி இருந்தால் போதாது, கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துக் குழம்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் குளிர் எல்லாப் பக்கமும் ஒட்டிப் பிடிக்கும். பெட்டி நிரம்பியதும் வெல்டர் விளக்கை அணைத்துவிடுவார். எதிரே எவ்வளவு பெரிய நிழல் நகர்ந்தாலும் சரி. ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அவருக்கு முன்னால் நானே கையை நீட்டிவிடுகிறேன்.

வீட்டில் முதல் வேலை அம்பு போன வழியைச் சுற்றி ஒரு விரல்கடை சதையை வெட்டி எறிவது. ரத்தம் கட்டிய சதை கசக்கும், தண்டின் கண்ணாடியிழைச் சிம்பு இருந்தாலும் அங்கேதான் இருக்கும். கெண்டையின் செதிலை உரசிக்கொண்டு நிற்காமல் தோலோடு உரித்துவிடுவது எளிது. உரித்த சதையின் பக்கவாட்டில், நடுக்கோட்டை ஒட்டி, கருஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும். மண்வாடை என்று பழி சுமக்கும் மீனில் பெரும்பாலும் அந்த வாடை இருக்கும் இடம் அது. கத்தியைச் சாய்த்து அதை முழுவதுமாக வகிர்ந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெளேரென்ற சதை. என் கணவர் இதை ஒரே இழுப்பில் செய்வார், எனக்கு இன்னும் மூன்று இழுப்பு வேண்டும்.

அடுத்த புகார் முள். சதைக்குள் கவட்டை போலப் பிரிந்த பொடிமுள் வரிசையாக இருப்பது உண்மைதான். அதற்கு வழி நாலைந்து இருக்கிறது. சதைத்துண்டைப் பலகையில் வைத்து, அடிவரை போகாமல், நெருக்க நெருக்கமாக, ஒரு அங்குலத்துக்கு எட்டுக் கீறல் வருமாறு குறுக்கே கீறி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் பொரித்தால் பொடிமுள் மொறுமொறுத்துச் சதையோடு போய்விடும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் கரண்டியால் முள்ளின் போக்கிலேயே சதையைச் சுரண்டி எடுத்து வடை, கட்லெட் தட்டலாம். ஆவியில் வேகவைத்து உதிர்த்தால் புட்டு. பெரிய மீன் நிறையக் கிடைத்தால் நாங்கள் கண்ணாடிக் குப்பியில் அடைத்துப் பிரஷர் கேனர் என்ற, குப்பியை அழுத்த ஆவியில் வேகவைக்கும் பெரிய பாத்திரத்தில் வைத்துவிடுவோம். அரைலிட்டர் அளவுக் குப்பி என்றால் 100 நிமிடம், கடிகாரம் போன்ற அழுத்தமானி உள்ள கேனரில் 11 பவுண்டு அழுத்தம். நான் இருக்கும் தாழ்வான நிலப்பகுதிக்கு இது பொருந்தும், மேட்டு நிலத்தில் அழுத்தம் கூட்ட வேண்டும். நேரத்தைக் குறைத்தால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு குப்பிக்குள் உருவாகும், அதில் விளையாட்டுக் கூடாது. வெளியே எடுக்கும்போது முள் விரலால் நசுக்கினாலே மாவாகும். பனிக்காலம் முழுக்க அலமாரியில் இருக்கும். வெள்ளிக்கெண்டைச் சதை கெண்டை வகைகளிலேயே மென்மை. 2022-ல் இல்லினாய் அரசு இந்தப் புதுக் கெண்டைகளுக்கு ‘கோப்பி’ என்று பெயரிட்டு உணவகங்களுக்கு விற்கப் பார்த்தது, பெயரை மாற்றித்தான் விற்க வேண்டியிருக்கிறது என்பது இவர்களுடைய நாக்கின் கோளாறு. பஃபலோவின் விலாப்பகுதியைத் தெற்கு மாநிலங்களில் முள்ளோடு பொரித்து ஆசையாகத் தின்கிறார்கள். அதைக் குப்பை என்று அவர்கள் முன்னால் சொல்லிப் பார்க்கட்டும்!

எதைத் தின்னலாம் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மாநில சுகாதாரத் துறைகள் ஒவ்வொரு ஆறு, ஏரிக்கும் எந்த மீனை மாதம் எத்தனை வேளை தின்னலாம் என்று பட்டியல் போடுகின்றன. வயதான பெரிய மீனில் பாதரசமும் பிசிபி என்ற பழைய தொழிற்சாலை நஞ்சும் சேர்ந்திருக்கும். பிசிபி கொழுப்பில் தங்கும், வயிற்றுக் கொழுப்பையும் தோலையும் அந்தக் கருஞ்சதையையும் நீக்கினால் ஓரளவு குறையும். பாதரசம் சதையிலேயே கலந்தது, எப்படி வெட்டினாலும் போகாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு நான் நடுத்தர அளவு வெள்ளிக்கெண்டை மட்டுமே கொடுத்தனுப்புவேன். அது நீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்பது, பாதரசம் குறைவு. இதிலிருந்து ஒரு பயனும் கிடைக்கிறது பாருங்கள்: பெரிய கிழட்டு மீன் படத்துக்குத்தான் அழகு, தட்டுக்கு இல்லை. தின்பதற்காக அடிப்பவர் தானாகவே கிழங்களை விட்டுவிடுவார்.

தலை, குடல், எலும்பு மிச்சத்தைத் தோட்டத்தில் ஒரு அடிக்குக் குறையாத ஆழத்தில் புதைக்கிறோம். மேலாகப் புதைத்தால் அன்றிரவே ரக்கூன் வந்து தோண்டிப் பரப்பிவிடும். சிலர் மிச்சத்தை உறையவைத்துத் தூண்டில் இரையாக வேறு ஏரிக்குக் கொண்டுபோகிறார்கள். அது மீன் நோயைச் சுமந்துபோகும் வழி, பல இடங்களில் தடையும் இருக்கிறது.

போட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. யார் படகில் எடை அதிகம், எண்ணிக்கை அதிகம் என்று பரிசு கொடுக்கும் இரவுப் போட்டிகள் இங்கே நிறைய நடக்கின்றன. சில இடங்களில் ஏற்பாட்டாளர்களே மீனை வாங்கிக்கொள்ள உர ஆலையையோ தீவன ஆலையையோ பேசி வைத்திருப்பார்கள். கெண்டை என்றால் அது எனக்குச் சம்மதமே. பேசி வைக்காத போட்டிகளும் உண்டு. மறுநாள் படகுத்துறையின் குப்பைத்தொட்டி வழிய வழிய மீன் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதில் கெண்டை, பஃபலோ, கார் எல்லாம் ஒன்றாகத்தான் கிடந்தன. தமிழ்ப் பிள்ளைகளும் இப்போது இதில் ஆர்வமாக இறங்குகிறார்கள், வாட்ஸ்அப் குழுக்களில் படகு நிறைய மீனோடு படம் வருகிறது. அந்தப் படங்களுக்குக் கீழே இத்தனையையும் என்ன செய்தீர்கள் தம்பி என்று நான் கேட்டுவைப்பது வழக்கம். சிலர் சமையல் படம் அனுப்புகிறார்கள். சிலர் குழுவைவிட்டே போய்விட்டார்கள்.

தங்களிடம் கேட்பது இரண்டு. படத்தின் கீழுள்ள பெயரைத் திருத்தி ஒரு சிறு குறிப்பு போடுங்கள். அடுத்த முறை இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எழுதினால் மீன் படகில் ஏறியதோடு கட்டுரையை நிறுத்தாதீர்கள்.

கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது கிளம்பினால் அவர்களுக்கு ஒரு எச்சரிக்கையையும் அச்சிட வேண்டுகிறேன். கெண்டையின் முட்டையைப் பொரித்துத் தின்னலாம், ருசியானது. அந்தப் பழக்கத்தில் கார் மீனின் பச்சை நிற முட்டையை வாயில் வைத்துவிடாதீர்கள், அது விஷம். கார் மீனின் சதை நல்லதுதான், தகரம் வெட்டும் கத்தரியால் ஓடு போல் இறுகிய செதிலை முதுகோடு பிளந்தால் உள்ளே இரண்டு நீளத் துண்டம் வெள்ளையாக வரும். முட்டையை மட்டும் சதையில் படாமல் எடுத்து, நாயும் பூனையும் கோழியும் எட்டாதபடி ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
இல்லினாய், அமெரிக்கா